ஹைட்ரஜனைச் சிறைவைப்பதா, வழியை அடைப்பதா?

அமிலத்தில் ஊறிய இரும்புக் கம்பியை ஒடித்து, ஒடிந்த முகத்தை நாக்கால் நனைத்தாலே குமிழிகள் கிளம்புகின்றன என்று 1875-இல் எழுதினார் டபிள்யூ. எச். ஜான்சன் என்ற ஆய்வாளர். அமிலத்திலிருந்து கம்பிக்குள் புகுந்த ஹைட்ரஜன்தான் அப்படிக் குமிழியாக வெளியேறியது. முறுக்கினால் பொட்டென்று போகும் அதே கம்பி, சில நாள் சும்மா கிடந்தால் பழைய உறுதிக்குத் திரும்புவதையும் அவர் கவனித்தார். எஃகைக் கெடுப்பது அதற்குள் ஓடித் திரியும் ஹைட்ரஜன்தான். ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை.

அந்த ஓட்டத்தை நிறுத்த முதல் வழி, பொறி வைப்பது. டைட்டானியம், வனேடியம், நியோபியம் ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்துப் பதப்படுத்தினால், அவை கரியோடு சேர்ந்து, சில நானோமீட்டர் அளவிலான கார்பைடு துகள்களாக எஃகெங்கும் முளைக்கும். ஹைட்ரஜன் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். துகள் பெரிதானால் பிடியும் பெரிதாகும் என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய டைட்டானியம் கார்பைடு துகளின் குழி ஆழமானதுதான், ஆனால் அதன் விளிம்பும் உயரம். அறை வெப்பநிலையில் ஹைட்ரஜனால் ஏறி உள்ளே விழ முடியாது. போதாக்குறைக்கு, மிகவும் பருத்த துகளே விரிசலுக்குப் பிள்ளையார்சுழி போட்டுவிடும். பிடி நடுத்தரமே என்றாலும் பொடியாகவும் அடர்த்தியாகவும் அமையும் வனேடியம் கார்பைடுக்கே என் ஓட்டு. ஜப்பானின் 1400 மெகாபாஸ்கல் இழுவலிமை வகைக் கட்டுமானப் போல்ட்டுகளில் மாலிப்டினத்துடன் வனேடியத்தையும் சேர்ப்பது இதற்காகத்தான்.

இந்தப் பொறிகளை நேரில் பார்ப்பதே பெரும்பாடு. கருவியின் வெற்றிட அறையிலேயே ஹைட்ரஜன் மிச்சம் இருப்பதால், எது மாதிரிக்குள் இருந்து வந்தது என்று தெரியாது. ஆகவே ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியத்தை ஏற்றி, மாதிரியை உறையவைத்து, அணு அணுவாக உரித்து எண்ணினார்கள். 2017-இல் வெளியான ஆய்வில் டியூட்டீரியம் கார்பைடின் உள்ளேயே குடியிருந்தது தெரிந்தது.

இரண்டாவது வழி, எஃகு சூடாக இருக்கையில் கொள்ளும் படிக அமைப்பான ஆஸ்டெனைட்டை, ஆறிய பிறகும் கொஞ்சம் எஞ்சவிடுவது. அது ஹைட்ரஜனை நிறைய விழுங்கும், மெதுவாகவே நகரவிடும். காகிதத்தில் பார்த்தால் அருமையான சேமிப்புக் கிடங்கு. ஆனால் பாகம் வளைந்து நீளும்போது அதே ஆஸ்டெனைட், அவ்வளவு ஹைட்ரஜனைத் தாங்காத கடினமான மார்ட்டென்சைட் அமைப்பாக மாறிவிடும், விழுங்கியது அத்தனையும் ஒரே இடத்தில் கொட்டும். மிக மோசமான நேரத்தில் கைவிடும் நண்பனை நான் நம்பமாட்டேன்.

முழுவதும் ஆஸ்டெனைட்டாகவே இருக்கும் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேறு வகை. அதில் ஹைட்ரஜன் ஊர்வது, சாதாரண எஃகில் ஓடுவதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு மெதுவாக. நிக்கல் செலவு உண்டு, வலிமை குறைவு, அதனால் சுவரைத் தடிப்பாக்க வேண்டும். இருந்தாலும் 700 பார் அழுத்தத்தில் வாகனத்துக்கு ஹைட்ரஜன் நிரப்பும் குழாய்க்கு இதை விட்டால் துணிந்து நம்பக்கூடிய வேறு தேர்வு எனக்குத் தெரியவில்லை.

கார்பைடு பொறியின் எல்லையும் இங்கேதான் வெளிப்படுகிறது. பொறி என்பது நிரம்பிப்போகும் பாத்திரம். முலாம் பூசும்போது ஒருமுறை நுழையும் ஹைட்ரஜனுக்கு அது போதும். அதில் சிக்காமல் திரிவதை, பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வேகவைத்து விரட்டிவிடலாம். வாயுவோ துருவோ நாள்தோறும் புதிதாக ஊட்டிக்கொண்டிருந்தால், பொறி தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது.

எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பாலம் சாட்சி. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ–ஓக்லாந்து வளைகுடாப் பாலத்தில் துத்தநாகம் பூசிய உயர்வலிமைக் கம்பிகள், 2008 முதல் நீர் தேங்கிய குழிகளில் நின்றன. 2013 மார்ச்சில் 96 கம்பிகளை இறுக்கினார்கள். சில நாட்களில் 32 ஒடிந்தன. மேலே பாலத் தளம் மறித்ததால் அவற்றை உருவி எடுக்கவும் இடமில்லை. கடைசியில் தூணின் மேல் எஃகுச் சேணம் மாட்டி, கம்பிவடங்களால் இழுத்துக் கட்டினார்கள்.