கரும்புச் சக்கைத் தட்டு, மக்காச்சோளப் பை: பல வருடம் புழங்கிய அனுபவம்

2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததிலிருந்து, எங்கள் சமையல் ஆர்டர்களுக்கு மக்கும் பொருட்களைத்தான் வாங்குகிறோம். காதுகுத்து, வளைகாப்பு, தினசரிப் பார்சல் என்று எல்லாவற்றுக்கும்.

எனக்கு முழுத் திருப்தி தந்தது கரும்புச் சக்கைத் தட்டுதான். ஆலையில் சாறு பிழிந்தபின் மிஞ்சும் நாரைக் கூழாக்கி, சூடான அச்சில் அழுத்திச் செய்கிறார்கள். சாம்பார் சாதத்தைக் கொதிக்கக் கொதிக்கப் போட்டாலும் தாங்கும். ரசம் ஊற்றி நேரமானால் மட்டும் அடிப்பக்கம் ஊறி, தூக்கும்போது நடுவில் வளையும். எண்ணெய் இறங்காமல் இருக்கச் சில தட்டுகளில் ஃபுளோரின் கலந்த ரசாயனம் சேர்க்கிறார்கள். அது மண்ணில் சிதையாது. அது சேர்க்காத தட்டுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, பிஎல்ஏ டம்ளர். பிஎல்ஏ என்பது மாவுச்சத்து, சர்க்கரை போன்றவற்றிலிருந்து செய்யும் ஒரு வகை மக்கும் பிளாஸ்டிக். கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். மோர், ஜூஸுக்கு அருமை. சூடான காபி ஊற்றினால் கோணிக்கொள்ளும், ஏனென்றால் 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். பெரிய குறை வேறு. எங்கள் எருக்குழியில் தட்டுகள் சில மாதத்தில் சாணத்தோடு கலந்து, ஓரத் துணுக்குகள் மட்டுமே மிஞ்சின. அதே குழியில் கிடந்த டம்ளரைக் கழுவினால் புதிது போலவே இருந்தது. அது மக்க 58 டிகிரி அளவுக்குச் சூடு விடாமல் இருக்க வேண்டும். அது பெரிய உரக்கூடங்களில்தான் கிடைக்கும். இந்த டம்ளரைத் தண்ணீர், குளிர்பானம் வரும் பெட் (PET) பாட்டிலோடு சேர்த்துப் பழைய பிளாஸ்டிக்கில் போட்டால் மறுசுழற்சியும் கெடும்.

மக்காச்சோளப் பைகள் தொட்டால் மெத்தென்று இருக்கும். பழைய சரக்கு, அதிலும் கோடையில், கனம் தாங்காமல் கிழிகிறது. தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மாவுச்சத்தோடு பெட்ரோலியத்திலிருந்து வரும் பிபிஏடி என்ற மக்கும் பிளாஸ்டிக்கையும் கலந்துதான் பெரும்பாலும் செய்கிறார்கள். பையில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை இலைப் படம் மட்டும் போட்ட பையை நான் தொடுவதில்லை.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. பிஎல்ஏ இன்றைக்குப் பெரும்பாலும் மக்காச்சோள மாவு, கரும்புச் சர்க்கரை போன்ற உணவுப் பொருளிலிருந்துதான் வருகிறது. சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளித் திப்பியில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. அதிலிருந்து பை வந்தால், விலை கொஞ்சம் கூடுதலானாலும் முதல் ஆளாக வாங்குவேன். அதுவரை பந்திக்குச் சக்கைத் தட்டு, காபிக்கு எவர்சில்வர் டம்ளர், பார்சலுக்குத் துணிப்பை.