பெரிகோர் கல்வீடு, ஒரு வார வாடகை: கதிர்க் கணக்கைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

பிரான்சின் தென்மேற்கே, சர்லா ஊரைச் சுற்றியுள்ள பெரிகோர் பகுதியில் விடுமுறைக்கு வாடகைக்கு விடும் பழைய கல்வீடுகளுக்கு 'ஜீத்' என்று பெயர். ஹோட்டலை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். சாவி கைக்கு வந்ததும் ஒரு வாரக் குடித்தனம் தொடங்கிவிடும்; சமையல், குப்பை, படுக்கை விரிப்பு எல்லாம் நம் பொறுப்பு. ஆறேழு பேர் உள்ள குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அந்தப் பகுதியில் இல்லை. ஆனால் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் தவறானதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

1955-இல் தொடங்கிய ஜீத் த பிரான்ஸ் அமைப்பு வீடுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை கோதுமைக் கதிர்கள் தருகிறது. கதிர்கள் பெரும்பாலும் வசதிகளைத்தான் அளக்கின்றன: பாத்திரம் கழுவும் இயந்திரம், குளியலறைகளின் எண்ணிக்கை, தோட்டம் போன்றவை. மாடி அறை ஆகஸ்டில் எவ்வளவு வேகும், வெந்நீர் எத்தனை பேருக்கு வரும் என்பதைக் கதிரை வைத்துச் சொல்ல முடியாது. நீச்சல்குளம் உள்ள ஐந்து கதிர் வீட்டைவிட, மரநிழலில் நிற்கும் மூன்று கதிர் வீடு பல குடும்பங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

அரை மீட்டருக்கு மேல் தடிமனான சுண்ணாம்புக்கல் சுவர்தான் இந்த வீடுகளின் பெரிய சொத்து. ஏசி பெரும்பாலும் இருக்காது; சரியாகக் கையாண்டால் தேவையும் இல்லை. காலை பத்து மணிக்குள் ஜன்னலையும் அதன் வெளிப்புற மரக்கதவையும் சாத்திவிட வேண்டும். வெயில் தாழ்ந்து வெளியே குளிர்ந்த பிறகு இரண்டையும் திறந்துவிட வேண்டும். பகலில் காற்றுக்காகத் திறந்து வைத்தால், சுவர் இரவெல்லாம் சேமித்த குளிர்ச்சி மதியத்துக்குள் போய்விடும். கூரைக்குக் கீழுள்ள அறைகளுக்கு இது பொருந்தாது, அங்கே கல்சுவர் குறைவு. குழந்தைகளையும் முதியவர்களையும் தரைத்தளத்தில் படுக்க வைப்பதே நல்லது. ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கும் என்று எதிர்பார்க்காமல், தொங்கவிடும் வலை ஒன்றைக் கையோடு கொண்டுபோகலாம்.

பெரும்பாலான சச்சரவு வெந்நீரில்தான். பல வீடுகளில் 200 லிட்டர் தொட்டி ஒன்று, இரவு நேர மலிவு மின்சாரத்தில் மட்டும் சூடாகும். காலையில் ஆறு பேர் குளித்தால் மாலையில் பாத்திரம் கழுவப் பச்சைத் தண்ணீர்தான். அது பழுது இல்லை. மின்பலகையில் தொட்டிக்கான சுவிட்சுக்கு மூன்று நிலைகள் உண்டு: 0, ஆட்டோ, 1. அதை 1-இல் வைத்தால் பகலிலும் சூடாகும். வேலை முடிந்ததும் ஆட்டோவுக்குத் திருப்ப வேண்டும். வீட்டுக்காரரிடம் சாவி வாங்கும்போதே அந்தப் பலகையைக் காட்டச் சொல்லுங்கள். மெயின் டிரிப் ஆனால் தேட வேண்டியதும் அதே இடம்தான். 6 கிலோவாட் இணைப்புள்ள வீட்டில் ஓவன், துணி இயந்திரம், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் மெயின் விழுந்துவிடும்.

மின்கட்டணத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். சில வீடுகளில் நாளொன்றுக்கு 8 யூனிட் மட்டுமே வாடகையில் அடங்கும், மீதிக்கு மீட்டர் பார்த்துப் பணம். கோடையில் இது பொருட்டில்லை. ஆனால் ஈஸ்டர் சமயத்தில் 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்றே நான்கு மணி நேரத்தில் அந்த 8 யூனிட்டையும் தின்றுவிடும். விறகு அடுப்புள்ள வீடு என்றால் விறகு வாடகையில் சேருமா என்றும் கேட்டுவிடுங்கள். நுழைந்தவுடன் மீட்டரை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

நம் சமையலுக்குச் சமையலறை போதுமா? பெரும்பாலும் போதும். இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினிய இட்லிப் பானை வேலை செய்யாது, அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும். எரிவாயு அடுப்பு என்றால் வெளியே 13 கிலோ பியூட்டேன் சிலிண்டர் நிற்கும். மரை போட்ட வகையில் மரை தலைகீழ்: கழற்ற வலப்பக்கம் திருக வேண்டும். இடப்பக்கம் திருகினால் இன்னும் இறுகும். பாரிஸிலிருந்து போகிறவர்கள் அரிசி, மிளகாய்த்தூள், கறிவேப்பிலையை அங்கே தமிழ்க் கடைகள் உள்ள லா ஷப்பல் பகுதியிலேயே வாங்கிவிடுவது நல்லது, ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டிக் கிராமக் கடையில் அதைத் தேட முடியாது. பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றவே கூடாது. கிராமத்து வீடுகளில் கழிவு பெரும்பாலும் செப்டிக் டேங்குக்குத்தான் போகும். எண்ணெய் உறைந்து குழாயை அடைக்கும், ஈரத்துடைப்பான் அடியில் தேங்கும், பிளீச்சிங் திரவம் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரைக் கொல்லும்.

நீச்சல்குளம் தரைக்குள் புதைந்ததாக இருந்தால் வேலி, அபாயமணி, பாதுகாப்பு மூடி, கூண்டு ஆகிய நான்கில் ஒன்று கட்டாயம். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சின்னக் குழந்தை இருந்தால் வேலி உள்ள வீட்டையே எடுங்கள். குழந்தை தண்ணீரில் விழுந்த பிறகுதான் அபாயமணி அடிக்கும்.

இனி பணம். கோடையில் வாடகை பெரும்பாலும் சனி முதல் சனி வரை: மாலை 4 மணிக்கு உள்ளே, காலை 10 மணிக்கு வெளியே. படுக்கை விரிப்பும் துண்டும் கடைசி நாள் துப்புரவும் பல இடங்களில் தனிக்கட்டணம். தங்கல் வரி உண்டு, ஆனால் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இல்லை. முன்பணத்துக்கு ஒப்பந்தத்தில் எந்தச் சொல் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'ஆர்' (arrhes) என்றால் நாம் ரத்து செய்தால் அந்தப் பணம் போகும், வீட்டுக்காரர் ரத்து செய்தால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். 'அகோந்த்' (acompte) என்றால் இரு தரப்பும் கட்டுப்பட்டவர்கள், நாம் ரத்து செய்தால் வீட்டுக்காரர் முழு வாடகையையும் கேட்க முடியும். இணையத்தில் பொருள் வாங்கினால் கிடைக்கும் 14 நாள் விலகும் உரிமை, தேதி குறித்த தங்குமிடத்துக்குக் கிடையாது.

பழைய கீறல், உடைந்த கண்ணாடிக் குவளை எதுவானாலும் முதல் மாலையே வீட்டுக்காரரிடம் காட்டி, பொருள் பட்டியலில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அது டெபாசிட்டில்தான் கழியும். அன்றே வழியில் மளிகையையும் முடித்துவிட வேண்டும். ஞாயிறு பிற்பகல் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சர்லாவின் பெரிய உணவுச் சந்தை புதனும் சனியும் காலையில்தான்.