மேற்கு ஜன்னலோரம் ஒன்பது ஆண்டுகள்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில், 14 மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் 11ஆவது மாடியில் 2014 முதல் வேலை பார்க்கிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் மேற்கு ஜன்னலோர இருக்கை. இடம் கிடைத்த அன்று எல்லோரும் வாழ்த்தினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தெரியும், மழைக்காலத்தில் பறவைகள் வந்திறங்குவதும் தெரியும். அந்தக் காட்சியை நான் பார்த்ததெல்லாம் காலையில் மட்டும்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக முகத்துக்கு வரும். ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் கிடையாது. இருந்திருந்தாலும் பயன் இல்லை. மேற்கு வெயில் தாழ்வாக, சன்ஷேடுக்குக் கீழே புகுந்து வருவது. திரையை இறக்கினால் கண் கூச்சம் நிற்கும், சூடு நிற்காது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் திரையைச் சுட வைக்கிறது, சுட்ட திரை அறையைச் சுட வைக்கிறது. மே மாதத்தில் நாலரை மணிக்கு ஜன்னலின் அலுமினியச் சட்டத்தில் விரலை வைத்து எடுத்துப் பாருங்கள், புரியும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறித்தாக வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இன்னொன்று. வெளிச்சத்துக்காகத்தானே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்தார்கள்? கூச்சம் தாங்காமல் நாள் முழுக்கத் திரை மூடியே கிடக்கும். பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரியும். இடுப்புயரச் சுவரும் அதற்கு மேல் அளவான ஜன்னலும் போதும். மேசைக்குக் கீழே வெளிச்சம் எதற்கு? கட்டடங்களுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன விதிகள், 2017 பதிப்பில், வழக்கமான முறையில் கட்டும்போது கண்ணாடி வெளிச்சுவரில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. எங்கள் மேற்கு முகத்தில் சுவர் என்று சொல்ல எதுவுமே இல்லை.

ஏ.சி. கதை தனி. மேற்குப் பக்கத்துக்கும் வடக்குப் பக்கத்துக்கும் சேர்த்து ஒரே கட்டுப்பாடு. நாங்கள் வியர்க்கிறது என்று குறைக்கச் சொன்னால் வடக்கில் இருப்பவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்கள். “சார், அந்தப் பக்கம் சால்வை கேட்கிறார்கள், நான் என்ன செய்யட்டும்?” என்பார் பராமரிப்புப் பிரிவு அண்ணன். அவர் மேல் குற்றமில்லை. திசைக்கு ஒரு கட்டுப்பாடு என்று வரைபடத்திலேயே பிரித்திருக்க வேண்டும்.

2016 டிசம்பர் 12, வர்தா புயலில் எங்கள் மாடியில் இரண்டு கண்ணாடிகள் போயின. மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் விளக்குகளுக்கு மட்டுமே ஈடுகொடுத்தது. மழை விட்ட பிறகும் அந்தப் புழுக்கத்தை வெளியேற்ற, திறக்கக்கூடிய ஜன்னல் மாடியில் ஒன்றுகூட இல்லை. கடல் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். கோடைப் பிற்பகலில் கடற்காற்று தவறாமல் வரும் ஊரில் இப்படி ஒரு பெட்டி.

2023இல் வடக்குப் பக்கம் மாற்றினார்கள். தலைவலி நின்றது, திரை திறந்தே இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிச் சூரியன் சென்னைக்கு வடக்கே சாய்ந்திருக்கும். ஆனால் அது தலைக்கு மேல் நிற்கும் வெயில், சிறிய சன்ஷேடே மறித்துவிடும். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் கொஞ்சம் வரும், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் நிறுவனம் புதிய கட்டடம் கட்டப்போகிறது. வரைபடத்தை ஊழியர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டிருக்கிறார்கள், அதற்கு நன்றி. லிஃப்ட், படிக்கட்டு, கழிவறை எல்லாம் நடுவில். கிழக்கிலும் மேற்கிலும் முழுக் கண்ணாடி. வேறு விதமாகவும் கட்டலாம்: மலேசியாவில் சுபாங் ஜெயாவில், 1992இல் முடிந்த மெனாரா மெசினியாகா 15 மாடிக் கட்டடம். அதை வடிவமைத்த கட்டடக்கலைஞர் கென் யாங், லிஃப்டையும் படிக்கட்டையும் கிழக்கு ஓரத்தில் வைத்து, அந்தப் பகுதியையே வெயிலுக்குக் கேடயமாக்கினார். கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே வெயில் தடுப்புப் பட்டைகள். மழையும் புழுக்கமும் அங்கேயும் நம் ஊர் மாதிரிதான்.

நேற்று இரவு அந்த வரைபடத்தின் நகலில், நடுவிலிருந்த லிஃப்டையும் படிக்கட்டையும் பென்சிலால் மேற்கு ஓரத்துக்கு நகர்த்தி வரைந்தேன். கழிவறைகளையும் அங்கேயே போட்டேன். மாடிக்கு நான்கு ஜன்னல்களாவது திறக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதி, திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.