அந்தமான் 'ஏழு தீவு' பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேற்று மாலை தண்டையார்பேட்டை மார்க்கெட் பக்கம் போனபோது ஒரு பேனரைப் பார்த்தேன். 'கோடை விடுமுறை ஸ்பெஷல், அந்தமான் ஏழு தீவு, 5 இரவு 6 பகல்' என்று இருந்தது. டிராவல்ஸ் பெயர் வேறு, போன் நம்பர் வேறு. ஆனால் படங்கள் அதே படங்கள், ஏழு தீவுகளின் வரிசையும் அதே வரிசை. ஜனவரியில் எங்களை ஏமாற்றியவர்களேதான் இவர்கள் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. யாராக இருந்தாலும் சரி, அந்த வரிசையை நம்பிப் பணம் கட்டினால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

பொங்கல் விடுமுறைக்கு நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், அம்மா என நாலு பேர் போனோம். இந்தப் பயணமே அம்மாவுக்காகத்தான். அப்பா துறைமுகத்தில் கலாசியாக இருந்தவர். அந்தமான் கப்பலுக்குச் சரக்கு ஏற்றிவிட்டு வரும் நாட்களில், 'மூணு நாள் தண்ணியிலயே போவும், அந்தாண்ட கடல் கண்ணாடி மாதிரி இருக்குமாம்' என்று அம்மாவிடம் சொல்வாராம். அவரும் போகவில்லை, அம்மாவையும் அழைத்துப் போக முடியவில்லை. எங்கள் பக்கத்தில் கடல் இருக்கிறதே தவிர, இறங்கி நிற்க இடம் கிடையாது. காசிமேட்டிலிருந்து வடக்கே, கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து அலைச் சத்தத்தில் தூங்கிய அம்மா, முழங்கால் தண்ணீரில் நிம்மதியாக நின்றதில்லை.

டிராவல்ஸ் ஆபீஸ் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடிப்படிக்கு மேலே இருந்தது. விமான டிக்கெட்டை நாங்களே போட்டுக்கொண்டோம். மற்றதெல்லாம் அவர்கள் பொறுப்பு, ஆளுக்கு 19,500 ரூபாய். 'அம்மாவ பத்தி கவலையே படாதீங்கண்ணே, ஜெட்டியில எறங்குனதிலேர்ந்து நம்ம பசங்க கூடவே இருப்பாங்க' என்றார் அங்கிருந்தவர். மொத்தம் 78,000 ரூபாயை இரண்டு தவணையாக அனுப்பினேன். டிராவல்ஸ் பெயரில் இருக்கும் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் ஜிபே நம்பருக்கு. ரசீது என்று லெட்டர் பேடில் எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி பில் கேட்டபோது, 'ரிட்டர்ன் வந்ததும் வாங்கிக்கலாம்ணே' என்றார். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

முதலில் அந்த ஏழு தீவுக் கணக்கைச் சொல்கிறேன். நோட்டீஸில் ராஸ், நேதாஜி தீவு, நார்த் பே, ஹேவ்லாக், ஸ்வராஜ் தீவு, நீல், ஷஹீத் தீவு என்று இருந்தது. 2018 டிசம்பரில் மூன்று தீவுகளுக்குப் பெயர் மாற்றினார்கள். ராஸ் தீவுதான் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஹேவ்லாக்தான் ஸ்வராஜ் தீவு. நீல்தான் ஷஹீத் தீவு. ஆக, ஒரே இடத்தைப் பழைய பெயரில் ஒரு தடவையும் புதுப் பெயரில் ஒரு தடவையும் எழுதியிருக்கிறார்கள். மிச்சம் இருக்கிற நார்த் பே தனித் தீவே கிடையாது, போர்ட் பிளேர் இருக்கும் அதே பெரிய தீவின் ஒரு கரை. படகில் போவதால் தீவு என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். ஏழில் மூன்றுதான் தீவு. போர்ட் பிளேருக்கும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அடுத்த நோட்டீஸில் அதையும் தனி ஊராகச் சேர்த்தாலும் சேர்ப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை போய் இறங்கினோம். அன்று செல்லுலார் சிறையைப் பார்த்தோம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 1906இல் கட்டி முடித்தபோது ஏழு சிறகு இருந்த கட்டடத்தில் இன்று மூன்றுதான் நிற்கிறது. ஒரு சிறகின் அறைக் கதவுகள் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்தபடி இருக்கும், ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கவே முடியாது. மகள் ஓர் அறைக்குள் போய் நின்றுவிட்டு, வெளியே வந்து ரொம்ப நேரம் பேசவில்லை.

புதன்கிழமை ராஸ் தீவு என்று போட்டிருந்தார்கள். போனால் மூடியிருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அங்கே பயணிகளை விடுவதில்லை, அந்த நாளாகப் பார்த்து எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் தலைமையிடமாக இருந்த தீவு அது. இடிந்த சர்ச் சுவரை மரத்தின் வேர்கள் கவ்விப் பிடித்திருக்கும், மான்கள் பயமில்லாமல் பக்கத்திலேயே மேயும் என்று மகளிடம் சொல்லிச் சொல்லி அழைத்துப் போயிருந்தேன்.

வியாழன் காலைதான் பெரிய அடி. ஹேவ்லாக் போகும் தனியார் படகு ஹாடோ துறையிலிருந்து காலை 8 மணிக்கு. மூன்று படகுப் பயணத்துக்கும் டிக்கெட்டை டிராவல்ஸ்காரர் டிசம்பரிலேயே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். எங்கள் நாலு பேர் பெயர், வயது, இருக்கை எண் எல்லாம் சரியாக இருந்தது. பிரிண்ட் எடுத்து, நனையாமல் இருக்க பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். கவுன்டரில் இருந்த இளைஞர் எண்ணைத் தட்டினார், இன்னொரு தடவை தட்டினார். அப்புறம் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். எங்கள் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சிவப்பில் 'கேன்சல்டு'.

'சார், ஒன்பதாம் தேதியே கேன்சல் ஆயிடுச்சு. பணமும் திரும்பப் போயிடுச்சு' என்றார். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

'நாங்க கேன்சல் பண்ணவே இல்லீங்களே?'

'புக் பண்ண அக்கவுன்ட்லேர்ந்துதான் பண்ணியிருக்காங்க சார்.'

இந்தத் தந்திரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். டிக்கெட்டை உண்மையாகவே போடுகிறார்கள். அதை நமக்கு அனுப்புகிறார்கள். பெயரும் எண்ணும் சரியாக இருப்பதைப் பார்த்து நாம் மிச்சப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். பயணத்துக்கு நாலு நாள் முன்னால் அவர்கள் ரத்து செய்து, பிடித்தம் போக வரும் பணத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ரத்தான தகவல் அவர்கள் கொடுத்த போனுக்கும் மெயிலுக்கும்தான் போகும். நம் கையில் இருக்கும் காகிதம் மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும். எங்களுக்கு மூன்று பயணமும் இப்படித்தான் ரத்தாகியிருந்தது.

டிராவல்ஸ்காரருக்குப் போன் அடித்தேன். இரண்டு தடவை மணி அடித்தது, மூன்றாவது தடவை ஸ்விட்ச் ஆஃப். 8 மணிப் படகு எங்கள் கண் முன்னாலேயே கிளம்பிப் போனது. அன்று மீதமிருந்தது மதியம் 2 மணிப் படகில்தான். நாலு டிக்கெட்டுக்கு 7,000 ரூபாய் கட்டினேன். சுற்றுலா சீசன், விடுமுறை நாள், அதுவாவது கிடைத்ததே என்று இருந்தது. அரசுப் படகும் ஓடுகிறது, ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து. கட்டணம் பல மடங்கு குறைவு, நேரம் கூடுதல். ஆனால் அன்று அதில் இடமில்லை. அம்மா காலையிலிருந்து மதியம் வரை பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். 'நம்ம பசங்க' யாரும் வரவில்லை.

ஹேவ்லாக்கில் இறங்கி, வண்டி வராமல் வேறு வண்டி பிடித்து, பேசிய ஹோட்டலில் அறை இல்லாமல் வேறு இடத்தில் தங்க ஏற்பாடு செய்து, ராதாநகர் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 5.25. சூரியன் மறைந்துவிட்டது. காவலர் விசில் ஊதி எல்லோரையும் தண்ணீரிலிருந்து மேலே வரச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் நின்றார். எதிரே இருப்பது நீலமா பச்சையா என்று தெரியாத அளவுக்கு இருட்டு ஏறிக்கொண்டிருந்தது. 'பரவால்லப்பா, சத்தம் கேக்குதில்ல' என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த டிராவல்ஸ்காரரை நான் விடப் போவதில்லை.

அறைக்கு வந்து பயண அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். 'மாலை 6.00, ராதாநகர் சூரிய அஸ்தமனம்' என்று அச்சடித்திருந்தது. அந்தமான் சென்னைக்குக் கிழக்கே வெகு தூரத்தில் இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்று. அதனால் அங்கே சூரியன் நம்மைவிடச் சுமார் 50 நிமிடம் முன்னால் மறையும். ஜனவரியில் 5.15 வாக்கில் எல்லாம் முடிந்துவிடும். படகு சரியாகக் கிடைத்திருந்தாலும், அந்த அட்டவணைப்படி போனால் இருட்டைத்தான் பார்த்திருப்போம். எழுதியவர் அந்த ஊருக்குப் போனதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. எந்தப் பேக்கேஜ் வாங்கினாலும் இதைப் பாருங்கள்: மாலை 4 மணிக்குள் கரையில் நிற்கும்படி எழுதியிருக்கிறார்களா? காலை 5.30, 6 மணிக்கே நாளைத் தொடங்குகிறார்களா?

மறுநாள் எலிஃபென்ட் பீச். படகுக்குக் கட்டிவிட்டோம் என்று சொன்னார்கள், கட்டவில்லை. அங்கேயும் நாங்களே கொடுத்தோம். ஆனால் அந்தப் பணம் வீண் போகவில்லை. மகள் கண்ணாடியை மாட்டி, குழாயை வாயில் கவ்வி, முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் கையை ஆட்டி ஆட்டி என்னைக் கூப்பிட்டாள். கீழே பவளப் பாறை மேல் கிளிப்பச்சையும் நீலமுமாக மீன்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

இனி சொல்லப் போகும் இரண்டும் பணத்தைவிடப் பெரிய விஷயம்.

ஒன்று ஸ்கூபா. கடைசி நாள் காலை நீல் தீவில் ஸ்கூபா, அன்றைக்கே ஊர் திரும்பும் விமானம் என்று அட்டவணையில் இருந்தது. டைவிங் சொல்லிக்கொடுப்பவர் முதல் கேள்வியாக, 'ஃப்ளைட் எப்போ?' என்றார். இன்றைக்கு என்றதும் உறுதியாக முடியாது என்றுவிட்டார். ஆழத்தில் மூச்சு விடும்போது உடம்பில் நைட்ரஜன் கூடுதலாகக் கரையும். அது மெல்ல வெளியேறுவதற்குள் விமானத்தில் உயரே போனால் இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழியாகிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு தடவை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல தடவை இறங்கியிருந்தால் 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. அந்த மனிதர் கேட்டதால் தப்பித்தோம். கேட்காதவரிடம் மாட்டியிருந்தால்?

இன்னொன்று, சுண்ணாம்புக் குகை இருக்கும் பாராடாங் தீவு. பணம் வாங்கும்போது டிராவல்ஸ்காரர், 'கூட 4,000 குடுத்தா குகைக்குப் போற வழியில காட்டுவாசிங்களையும் பாத்துரலாம்ணே, பிஸ்கட் பாக்கெட் நாலு வாங்கி வெச்சிக்கோங்க' என்றார். அப்போதே எனக்கு அது பிடிக்கவில்லை, வேண்டாம் என்றுவிட்டேன். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகம் வழியாகப் போகிறது. சில நூறு பேர்தான் இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டு முதலே அவர்களைக் காக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. வண்டிகள் போலீஸ் காவலோடு கான்வாயாகத்தான் போக வேண்டும். வழியில் நிறுத்துவது, படம் எடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாம் குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்க்கத் தாராளமாகப் போங்கள். மனிதர்களைக் காட்டுகிறேன் என்று காசு கேட்பவரிடம் வேறு எந்த ஏற்பாடும் செய்யாதீர்கள்.

நீல் தீவில்தான் அம்மாவுக்குக் கடல் கிடைத்தது. பரத்பூர் கரையில் அலை அடிப்பதே தெரியவில்லை. வெள்ளை மணல், கொஞ்ச தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர். மகள் கையைப் பிடித்து அம்மா இறங்கினார். குனிந்து பார்த்து, 'கால் நகம் தெரியுதுடி' என்றார். ஒரு மணி நேரம் மேலே வரவில்லை. பாறை வளைவைப் பார்க்க மட்டும் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது. கடல் உள்வாங்கும் நேரத்தில்தான் அங்கே நடந்து போக முடியும், அது நாளுக்கு நாள் மாறும். உள்ளூர் ஓட்டுநர்தான் சரியான நேரம் சொல்லி அழைத்துப் போனார். அட்டவணையில் 'பகல் 1 மணி' என்று இருந்தது. அந்த நேரம் போயிருந்தால் பாறைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீருக்குள் இருந்திருக்கும்.

கையை விட்டுக் கூடுதலாகப் போனது 31,400 ரூபாய். திரும்பி வந்ததும் ஆபீஸுக்குப் போனேன். 'சர்வர் பிரச்சனைண்ணே' என்றார். படகு நிறுவனம் எழுதிக் கொடுத்த ரத்துத் தகவலைக் காட்டியதும் 12,000 ரூபாய் அனுப்பினார். அதற்கு மேல் போன் எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இணையம் வழியாக மனு போட்டிருக்கிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜிபே விவரம், வாட்ஸப் உரையாடல், அட்டவணை, நாங்களே வாங்கிய டிக்கெட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். எதையும் அழிக்காமல் வைத்திருந்தது இப்போது உதவுகிறது.

கோடை விடுமுறைக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், டிக்கெட்டில் இருக்கும் எண்ணை எடுத்து நேராகப் படகு நிறுவனத்துக்கும் ஹோட்டலுக்கும் போன் செய்து கேளுங்கள். இன்றைக்கு ஒரு தடவை, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு தடவை, விமானம் ஏறும் முதல் நாள் இரவு இன்னொரு தடவை. எங்கள் டிக்கெட் டிசம்பர் முழுக்க உயிரோடுதான் இருந்தது.