அண்ணன் தம்பி சேர்ந்து வீடு வாங்கினால் பத்திரம் யார் பேரில்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் 50 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம், நானும் தம்பியும். கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒன்று. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் என்றால் மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம், அதனால் 10 லட்சம் கையிலிருந்து போட வேண்டும், அது போக முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னொரு நாலரை லட்சம். மீதி 40 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். என் ஒரு சம்பளத்தில் நடக்காது. சரி, சேர்ந்து வாங்குவது எப்படி?

"எதுக்கு ரெண்டு பேரு, பத்திரம் அண்ணன் பேர்ல இருக்கட்டும், தம்பி லோன்ல மட்டும் கையெழுத்துப் போடட்டும்" என்றார் மாமா. இந்த வழி எனக்கு அறவே பிடிக்கவில்லை. எங்கள் அப்பா பேரில் வாங்கிய வீட்டுக்குச் சித்தப்பா எட்டு வருஷம் தவணை கட்டினார், கடைசியில் அவரிடம் இருந்தது பாஸ்புக் மட்டும்தான், அந்த மனக்கசப்பு இன்னும் ஆறவில்லை. பத்திரத்தில் பேர் இல்லாதவருக்கு வட்டிக்கான வரிக்கழிவும் கிடையாது, ஆனால் தவணை தவறினால் வங்கி முழுக் கடனையும் அவரிடம் கேட்கலாம்.

இரண்டாவது, பத்திரம், கடன் இரண்டிலும் இருவர் பேரும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். ஆனால் பாகத்தை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி, யார் எவ்வளவு போட்டார்கள் என்று காட்ட முடியாவிட்டால் சமபாகம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், ஒருவர் இறந்தால் அவர் பாகம் கூட இருப்பவருக்குத் தானாக வராது, வாரிசுகளுக்குப் போகும், ஆனால் கடன் பாக்கி உயிரோடு இருப்பவர் தலையில். அதனால் ஆளுக்கொரு டேர்ம் இன்ஷூரன்ஸ் (இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) கட்டாயம்.

மூன்றாவது, கீழ்வீடு ஒருவருக்கு, மாடி ஒருவருக்கு, மனையில் பிரிக்கப்படாத பாகத்தோடு தனித்தனிக் கிரயப் பத்திரம், தனித்தனிக் கடன். என் மனம் இதில்தான் நிற்கிறது. நான் தவணை தவறினால் தம்பியின் சிபில், அதாவது கடன் மதிப்பெண், கெடாது. இன்னொன்று, 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம் வரை தரலாம், ஆக ஆளுக்கு 25 லட்சம் என்றால் முன்பணம் இரண்டரை லட்சம்தான், தவணை என்னவோ ஆளுக்கு 19,500 வரை ஏறும். சிக்கல், அனுமதி பெற்ற வரைபடத்தில் இரண்டு குடியிருப்பு என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வங்கி வக்கீலே நிறுத்திவிடுவார்.

அதோடு, 2015 மழையில் கடலூர் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் கீழ்வீட்டையும் மாடியையும் ஒரே விலைக்கு வைக்க மாட்டார்கள். அதனால் விலையில் மாடி எடுக்கும் தம்பிக்கு 55 சதவீதம், எனக்கு 45 சதவீதம் என்று பேசியிருக்கிறோம். வரைபட நகலை வீட்டுக்காரர் திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதில் ஒரே குடியிருப்பு என்று இருந்தால் இரண்டாவது வழிதான், அதே 55க்கு 45ஐப் பத்திரத்தில் எழுதி.