கறுப்பிக்குப் பசியோ, பூச்சியோ?

ரின்மீன் மூடியை இழுக்கிற சத்தம் கேட்டால் போதும், எங்கட பூனை கறுப்பி என்ர சாரத்தில தொங்கும். தட்டு நிலத்தில படமுதலே பாதி முடிஞ்சிடும். திண்டும் திண்டும் முதுகெலும்பு தெரிஞ்சுது. அதுதான் கிளிநொச்சி ரவுணில ஒரு மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோனன்.

ஒண்டரை மணித்தியாலம் காக்க வச்சினம். நாயளுக்கும் பூனையளுக்கும் ஒரே வாங்கு. பெட்டிக்குள்ள கறுப்பி போட்ட சத்தத்துக்கு எனக்கே வெக்கம். ஆனா மனுசன் கெட்டிக்காரன். வாலைத் தூக்கிப் பாத்தார். காய்ஞ்ச அரிசி மாதிரி ரெண்டு ஒட்டியிருந்துது. நாடாப்புழுத் துண்டாம். உடம்பை நக்கேக்க தெள்ளை விழுங்கினாலும் இது வருமாம். தெள்ளுக்கும் மருந்து போடாட்டித் திரும்ப வரும் எண்டார். வயசான பூனை இப்பிடித் திண்டு மெலிஞ்சால் தைரொயிட், சீனி வருத்தம் எண்டு ரத்தம் சோதிக்கவேணுமாம். இவளுக்கு ரெண்டு வயசுதான்.

நிறுத்துப் பாத்து (2.6 கிலோ) அதுக்கேத்த குளிசை தந்தார். சாப்பாட்டை நாலு நேரமாப் பிரி, கத்தேக்க குடாதை, வெறுஞ்சோறு காணாது, பூனையெண்டது இறைச்சி தின்னுற சாதி எண்டும் சொன்னார். அம்மாதான் கேக்கிறா இல்லை.

மூண்டு கிழமையில 2.9 கிலோ. வைத்தியத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, வாங்குக்கு ஒண்டு. சாரத்தில இப்பவும் தொங்குறாள்.