பேசித் தீர்ப்பதா, வாடகை நீதிமன்றமா?

வாடகைக்குக் குடியிருப்பவர் நம்மைக் கேட்காமலேயே வீட்டை ஏர்பிஎன்பி என்ற இணையதளத்தில் விளம்பரம் செய்து நாள் வாடகைக்கு விடுகிறார். தமிழ்நாட்டில் உரிமையாளர் என்ன செய்யலாம்?

பேசிப் பார்க்கலாம். காலி செய்யும் தேதியை எழுதி வாங்கி, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால் செலவு குறைவு. ஆள் மறுத்தால்தான் சிக்கல். கோபத்தில் தண்ணீர், கரண்டை நிறுத்தாதீர்கள்; 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது.

அதே சட்டப்படி, எழுத்துப்பூர்வச் சம்மதமின்றி உள்வாடகைக்கு விடக் கூடாது. வெளியேற்றக் கோரி வாடகை நீதிமன்றம் போக அதுவே ஒரு காரணம். ஆனால் ஆதாரம் வேண்டும்.

முதலில் பேசுவதே நல்லது என்பேன். சரி, அதற்கும் முன்பு அந்த விளம்பரத்தையும், தங்கியவர்கள் எழுதிய கருத்துகளையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பேச்சு தொடங்கியதும் அவர் அதை நீக்கிவிடலாம்.